‘பிடிச்சதை வரைங்க’ என்றதும் பிள்ளைகள் ஏன் விழிக்கிறார்கள்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். 28 பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளை ஓவியம், 40 நிமிடம். இதுவரை மாம்பழமோ மயிலோ கரும்பலகையில் நான் வரைவேன், பார்த்து வரைவார்கள். பயிற்சி ஒன்றில் ‘பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்’ என்றார்கள். சென்ற மாதம் வண்ணம், தாள், பசை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, ‘பிடிச்சதை வரைங்க’ என்று விட்டேன். பத்துப் பேர் ‘எனக்கு வரையத் தெரியாது டீச்சர்’ என்று வந்து நின்றார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை. வண்ணக் கிண்ணங்கள் கவிழ்ந்தன. ஒரு பையன் எப்போதும் லாரிதான் வரைகிறான். இன்னொருவன் தாளையே தொடவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா, ‘இந்தக் கிறுக்கலுக்கா பள்ளிக்கூடம் அனுப்புறோம்?’ என்று கேட்டார். தலைமையாசிரியர் சுவரில் மாட்ட நல்ல படம் கேட்கிறார். மாம்பழத்துக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். அன்று செய்ததை அப்படியே இன்னொரு முறை செய்து பார்க்கவும் வேண்டாம்.

அன்று நீங்கள் இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்டீர்கள். எந்தச் சாமானை எடுப்பது என்பதும் பிள்ளையின் பாடு, எதைச் செய்வது என்பதும் பிள்ளையின் பாடு. அதுவரை ஓவிய வகுப்பில் ஒன்றைக்கூடத் தானாக முடிவு செய்து பழகாத ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சுமை. அதனால்தான் பத்துப் பேர் உங்களிடம் திரும்பி வந்தார்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் பழக்கமான மலையிடம் போனார்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சாமானைக் குறுக்கினால் கருவை விரியுங்கள், கருவைக் குறுக்கினால் சாமானை விரியுங்கள். இன்றைக்கு கிரையான் மட்டும்தான் என்றால், எதை வேண்டுமானாலும் வரையலாம். ‘மழையில நனைஞ்ச ஒண்ணு’ என்று கருவைக் கொடுத்தால், அதை வரையலாம், தாளைக் கிழித்து ஒட்டலாம், களிமண்ணில் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்துத் திறப்பதைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மலை, சூரியன், குடிசை விஷயத்தில் உங்கள் பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ‘ஓவியம்’ என்றால் பள்ளிக்கூடத்தில் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதை அவர்கள் சரியாகக் கணித்திருக்கிறார்கள். மலையைக் கண்ணால் பார்த்திராத டெல்டாப் பிள்ளையும் அந்த இரண்டு மலையைத்தான் போடும். அதைத் தடுக்க வேண்டாம். கேள்வியை மாற்றுங்கள். ‘பிடிச்சது’ என்ற சொல்லில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. ‘காலையில வர்ற வழியில எதை மிதிச்ச?’, ‘உங்க வீட்டுல சத்தம் போடுற சாமான் எது?’, ‘சாப்பாட்டுத் தட்டை மேலேர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு பதில் வரும். மிக்ஸி, சைக்கிள் செயின், தாத்தாவின் இருமல் வரை வரும். இருமலை எப்படி வரைவது என்று அந்தப் பிள்ளை யோசிக்கும் நேரம்தான் ஓவிய வகுப்பு.

‘எனக்கு வரையத் தெரியாது’ என்ற சொல், பெரும்பாலும் கரும்பலகையில் இருக்கும் மாம்பழத்தைப் பார்த்துப் பிறந்தது. பெரியவர் கை போட்ட கோட்டுக்கும் தன் கோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளை வாரந்தோறும் அளந்திருக்கிறது. ‘அதெல்லாம் தெரியும், போ’ என்று சொன்னால் அந்தத் தூரம் குறையாது. வரைந்து கொடுத்தால் கூடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆடு வரையணும், தெரியலை என்று ஒரு பெண் வந்து நிற்கிறாள். உங்கள் கை தானாகச் சாக்பீஸை எடுக்கப் போகும், அதை அடக்குங்கள். அவள் உயரத்துக்குக் குந்திக்கொண்டு கேளுங்கள். ‘ஆடு நிக்குதா, படுத்திருக்கா?’ நிக்குது. ‘எத்தனை காலு?’ நாலு. ‘காலு வயித்து நடுவுலேர்ந்து வருதா, ஓரத்துலேர்ந்து வருதா?’ இந்த இடத்தில் ஒரு நொடி பேசாமல் நிற்பாள். ஆடு அவள் தலைக்குள் வந்து நிற்கும் நொடி அது, அவசரப்படுத்தாதீர்கள். ‘காது மேல நிக்குதா, தொங்குதா?’ தொங்குது. ‘விரலால காத்துல ஒரு தடவை போட்டுக் காட்டு.’ போடுவாள். ‘அதையே தாள்ல போடு.’ வருகிற ஆடு முக்காலி மாதிரி இருக்கலாம். நான்கு காலும் ஒரே கோட்டில் சீப்புப் பல்லாகத் தொங்கலாம். ஆனால் காது தொங்கும். அவள் வீட்டு ஆடு அது.

அப்போதும் முடியவில்லை என்றால் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், அல்லது ஒரு புகைப்படத்தைக் கொடுங்கள். வரைந்துதான் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், உங்களுடைய வேறு தாளில், காதை மட்டும், மூன்று விதமாகப் போட்டுக் காட்டுங்கள். ஒன்றைக் காட்டினால் அது விடை ஆகிவிடும், மூன்றைக் காட்டினால் அவள் பார்த்து எடுப்பாள். பிள்ளையின் தாளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு கோட்டைத் திருத்தினாலும் அந்தப் படம் அந்த இடத்திலேயே அவள் கையைவிட்டுப் போய்விடும். மீதியையும் நீங்களே முடிக்கட்டும் என்று தாளை உங்கள் பக்கம் தள்ளுவாள்.

இந்த வயதில் எது இயல்பு என்பது உங்களுக்குத் தெளிவாக இருந்தால் திருத்தும் ஆசையே பாதி குறையும். பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை நிலைகளாகப் பிரித்து விளக்கியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவில் பிறந்த விக்டர் லோவன்ஃபெல்ட். அவர் கணக்கில் ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல், 4 முதல் 7 வரை தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கும் மனிதர்கள் போன்ற முதல் உருவங்கள், 7 முதல் 9 வரை தனக்கென்று ஒரு ‘வீடு’, ஒரு ‘மரம்’ என்று நிலைத்த வடிவங்கள். உங்கள் வகுப்பு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் சுவர் வழியாக உள்ளே இருக்கும் பாட்டி தெரிவாள். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பாள், ஏனென்றால் முக்கியமானது பெரிதாக வரும். தாளின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தி வைப்பார்கள். ஊதா நிறச் சூரியனும் வரும். எதையும் திருத்த வேண்டாம். கருப்பைப் பூசினால் பிள்ளை துக்கத்தில் இருக்கிறது என்று பொருள் கொள்ளவும் வேண்டாம். பல நேரம் கைக்கு எட்டிய கிண்ணம் கருப்பாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இனி சாமான்கள். தேர்வு என்பது கை அறிந்த சாமான்களுக்கு நடுவில்தான் நடக்கும். பசையை எப்படித் தொடுவது என்று தெரியாத பிள்ளை பசையைத் ‘தேர்ந்தெடுக்க’ முடியாது, அதோடு விளையாடத்தான் முடியும். ஆகவே ஒவ்வொரு சாமானாகத் திறங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வகுப்பு, அதாவது இரண்டு வாரம். வரிசை: கோடு போடும் சாமான்கள், வெட்டி ஒட்டுவது, களிமண், கடைசியாக வண்ணம். வண்ணத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், கழுவி ஒழுங்கு செய்யும் பழக்கம் அதற்குள் வந்திருக்க வேண்டும். நீங்கள் முதல் நாளே வண்ணத்தைத் திறந்ததுதான் கிண்ணம் கவிழ்ந்ததன் காரணம்.

கோடு போடுவதற்குக் கிரையான், சாக்பீஸ், கரித்துண்டு போதும். கிரையானின் மேல்தாளை உரித்துவிட்டு, இரண்டாக உடைத்து வையுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையால் பிடிக்க முடியாது, விரல்நுனிப் பிடி தானாக வரும். படுக்கவைத்துத் தேய்த்தால் அகலப் பட்டை வரும் என்பதையும் கண்டுபிடிப்பார்கள். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பெட்டி கொண்டுவரும் வழக்கத்தை நிறுத்திவிடுங்கள். 36 வண்ணப் பெட்டி வைத்திருப்பவனுக்கும் ஆறு துண்டு வைத்திருப்பவனுக்கும் ஒரே தேர்வு கிடைக்காது. எல்லாவற்றையும் பொதுவில் சேர்த்து, நிறம் நிறமாகத் தேங்காய்ச் சிரட்டைகளில் பிரித்து வையுங்கள். அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தத்தம் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய காலத்தில், சுவரின் அடிப்பக்கம் பிள்ளைகளுக்கென்று தாழ்வான கரும்பலகை அடித்தார்கள். உங்கள் வகுப்பில் அது இன்னும் இருந்தால் அதைவிட நல்ல ஓவியப் பலகை விலைக்குக் கிடைக்காது. அழிக்கலாம் என்பதால் ‘தெரியாது’ என்கிற பிள்ளைகளும் அங்கே துணிந்து கை வைப்பார்கள்.

தாளுக்குச் சார்ட் வாங்குங்கள். 22க்கு 28 அங்குலச் சார்ட்டை நீளத்தில் நான்கு, அகலத்தில் இரண்டு என்று வெட்டினால் 7க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டு. நான்கு சார்ட்டில் 32 துண்டு வரும், வகுப்பு முழுவதற்கும் போதும். மெல்லிய ஜெராக்ஸ் தாள் கோட்டுக்குச் சரி, வண்ணம் பட்டால் சுருண்டு கிழியும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டாமல் நாலைந்தை நீளப் பட்டையாகவும் சதுரமாகவும் வையுங்கள். தாளின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான். பாம்பு வரைய வந்தவன் பட்டையை எடுப்பான்.

பசைக்கு மைதா. ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர். முதலில் ஒரு பங்குப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று பங்குத் தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிண்டினால் வெள்ளை போய்க் கண்ணாடிப் பதம் வரும். நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. எட்டுப் பேர் ஒட்ட அரை டம்ளர் மைதா தாராளம். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சுவரொட்டி ஒட்டுகிறவர்களும் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது உண்டு. பள்ளிக்கூடப் பசையில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அது நஞ்சு, பிள்ளைகள் விரலை நக்குவார்கள். இரண்டு பேருக்கு ஒரு மூடியில் ஒரு ஸ்பூன் பசை வையுங்கள். கிண்ணம் நிறைய வைத்தால் தாள் முழுக்க மெழுகுவார்கள், காய்ந்ததும் தாள் நெளியும்.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். வெட்டிப் பழகச் செய்தித்தாளைக் கொடுக்கிறோம், அது தவறு. மெல்லிய தாள் அலகுகளுக்கு நடுவில் மடிந்து சிக்கும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். பழைய கல்யாணப் பத்திரிகை, காலண்டர் மேலட்டை போன்ற விறைப்பான தாளில் தொடங்குங்கள். இடக்கைப் பிள்ளை இருந்தால் அதற்கென்றே இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வையுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டும் கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். அந்தப் பிள்ளை ‘வெட்ட மாட்டேன்’ என்று சொன்னால் அது விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

களிமண் குயவர் வீட்டிலோ குளத்திலோ கிடைக்கும். குளத்து மண்ணாக இருந்தால் ஒரு நாள் ஊறவைத்துக் கல், வேர் எடுத்து, சாக்குத்துணியில் வடித்துப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டாமல், வளைத்தால் வெடிக்காமல் இருப்பது பதம். ஆளுக்கு இரண்டு எலுமிச்சை அளவு போதும். கட்டைவிரல் கனத்துக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும், ஏனென்றால் வெளிப்புறம் காய்ந்து சுருங்கும்போது உள்ளே இன்னும் ஈரம் இருக்கும். நிழலில் உலர்த்துங்கள். கை, கால், வால் உதிர்ந்து விழுவதுதான் பிள்ளைகளின் பெரிய வருத்தம். ஒட்ட வேண்டிய இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, குழைசேற்றைத் தடவி அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். இது சொல்லிக்கொடுக்க வேண்டிய கைவேலை. தேர்வைப் பிள்ளையிடம் விடுகிறோம் என்பதற்காகக் கைவேலையைச் சொல்லித்தராமல் இருப்பது பெரிய தவறு. முடிவில் ஒவ்வொருவரிடமும், ‘வைக்கணுமா, திரும்பப் பிசையணுமா?’ என்று கேளுங்கள். பலர் பிசைந்துவிடுவார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஒரு கண்டிப்பான வார்த்தை. பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் குன்றிமணியால் கண் வைப்போம், அந்தப் பழக்கத்தில் வகுப்புக்கும் அது வந்துவிடும். குன்றிமணியின் உள்ளே இருக்கும் நஞ்சு, விதை உடைந்தோ கடிபட்டோ உள்ளே போனால் உயிரை எடுக்கும். ஆமணக்கு விதையும் அப்படியே. வகுப்பறைக்குள் இரண்டும் வரவே கூடாது. கண் வைக்க ஈர்க்குச்சியால் ஒரு துளை குத்தினால் போதும்.

வண்ணம்: வட்ட வட்டமாக இருக்கும் வாட்டர் கலர் கேக் வேண்டாம். அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நிறம் எடுக்க வேண்டும், இந்த வயதுக் கைக்குப் பொறுமை போய்விடும். போஸ்டர் கலரைத் தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரையுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கு மட்டும். கருப்பை முதல் இரண்டு வாரம் உள்ளே வையுங்கள், அது எந்தக் கிண்ணத்தில் விழுந்தாலும் அதைச் சேறாக்கிவிடும். பச்சையை நீங்கள் வாங்கித் தராதீர்கள், எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் சொல்லாதீர்கள். மஞ்சள் ஈரமாக இருக்கும் இடத்தில் நீலத் தூரிகை தவறி உரசும். பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தையே பார்க்கும். பிறகு மறுபடி வேண்டுமென்றே உரசும். அந்தச் செய்தி அரை நிமிடத்தில் மேசை முழுக்கப் பரவிவிடும்.

கவிழாத கிண்ணத்துக்குக் கார்த்திகைக்கு வாங்கிய பெரிய அகல்கள் நல்லவை. அடி கனம், அகலம். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் வண்ணத்தின் ஈரத்தை உறிஞ்சாது. அகலுக்கு இரண்டு ஸ்பூன் வண்ணத்துக்கு மேல் ஊற்றாதீர்கள், கவிழ்ந்தாலும் இரண்டு ஸ்பூன்தான். ஆறு பேருக்கு இரண்டு தொகுப்பு, மொத்தம் எட்டு அகல், எட்டுத் தூரிகை. தூரிகை அகலுக்குச் சொந்தம், பிள்ளைக்கு இல்லை. சிவப்புத் தூரிகை சிவப்பிலேயே இருக்கும், வேண்டியவர் எடுத்துப் பூசிவிட்டு அங்கேயே வைப்பார். இந்த ஒரு ஏற்பாட்டில் கழுவும் தண்ணீர்க் கிண்ணமே தேவையில்லாமல் போகிறது, கொட்டுவதும் பாதியாகிறது. தூரிகை 8 அல்லது 10 எண், வட்ட முனை. 2 எண் தூரிகையால் 11 அங்குலத் தாளை நிரப்ப முடியாமல் பிள்ளை சலித்துப் போகும். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டி, பித்தானைப் பின்னால் போட்டுவிட்டால் சீருடை தப்பும். ஈரப் படத்தைக் கொடியில் மாட்டினால் வண்ணம் வழியும். பத்து நிமிடம் தரையில் கிடத்தி, ஓரத்தில் கல் வைத்து, பிறகு மாட்டுங்கள்.

நான்கு சாமானும் பழகிய பிறகு, அதாவது எட்டு வாரம் கழித்து, நான்கையும் சேர்த்துத் திறக்கலாம். அப்போது தேவை ஒரு தேர்வுப் பலகை. பழைய தினசரிக் காலண்டர் அட்டை போதும். அதில் நான்கு படம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணிக் கிளிப் மாட்டும் இடங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய கிளிப் ஒன்று. வரைவதற்கு 12 இடம், வெட்டி ஒட்ட 8, களிமண் 6, வண்ணம் 6. கூட்டினால் 32, பிள்ளைகள் 28. இந்த நான்கு கூடுதல் இடம் முக்கியம். சரியாக 28 இடம் வைத்தால் கடைசியாக வரும் பிள்ளைக்கு மிச்சம்தான் கிடைக்கும், தேர்வு கிடைக்காது. வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒரு நாள் மேலிருந்து கூப்பிட்டால் மறுநாள் கீழிருந்து கூப்பிடுங்கள். வண்ணம் நிரம்பிப் போய் ஏமாந்தவர் பெயரைப் பிள்ளை பார்க்கும்படி எழுதி வைத்து, அடுத்த வகுப்பில் முதலில் அழையுங்கள். நடுவில் மாறலாமா என்று கேட்பார்கள். தன் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஒரு முறை மாறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறவே கூடாது என்றால், தவறாகத் தேர்ந்துவிடுவோமோ என்று பயந்து கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார்கள்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் எல்லாரும் தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கைவேலையைப் பார்ப்பது, எடுத்துக்காட்டாகக் களிமண்ணைக் கீறி ஒட்டுவது. முடித்த பொம்மையைக் காட்டாதீர்கள், காட்டினால் 28 பொம்மையும் அதேபோல் வரும். அடுத்த 3 நிமிடம் தேர்வு. 22 நிமிடம் வேலை. 6 நிமிடம் சுத்தம். கடைசி 4 நிமிடம் பார்ப்பது, பேசுவது. சுத்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே குரல் கொடுங்கள், வண்ண மேசையை முதலில் மூடுங்கள். அலமாரித் தட்டில் கத்தரிக்கோலின் நிழலுருவை வரைந்து வைத்தால் எங்கே வைப்பது என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். அவசரத்தில் நீங்களே எடுத்து வைக்க ஆரம்பித்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

நட்சத்திரம், ‘குட்’, பரிசு பற்றியும் சொல்ல வேண்டும். 1973-ல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் வரைய ஏற்கெனவே ஆசைப்பட்ட நர்சரிப் பிள்ளைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள், தரவும் செய்தார்கள். ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவுப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். ஆசை இருந்த இடத்தில் பரிசு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே படத்தின்மேல் சிவப்புப் பேனாவே வேண்டாம். ‘சூப்பர்’ என்பதற்குப் பதில் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: ‘இந்தக் கோடு ஓரம் வரைக்கும் போயிருக்கே’, ‘இங்க அழுத்தி, அங்க லேசா தேய்ச்சிருக்க.’ ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள். எதுவுமாக இல்லாத படத்துக்குப் பிள்ளை அவசரமாக ஒரு பொய்ப் பெயர் தேடும்.

அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு தாள் மட்டும். பிள்ளைக்கு ஒரு கோப்பு போட்டு, பருவத்துக்கு நான்கு படம், பின்பக்கம் தேதி எழுதிச் சேருங்கள். எதைச் சேர்ப்பது என்று பிள்ளையே எடுத்துத் தரட்டும். படத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வரியை, சொன்ன சொல்லிலேயே, தனிச் சீட்டில் எழுதி இணையுங்கள். ‘இது எங்க ஆச்சி, முறுக்கு சுடுறாங்க, புகை கண்ணுல போயிருச்சு’ என்ற சீட்டைப் படித்த பிறகு அந்தச் சாம்பல் நிறச் சுழியை யாரும் கிறுக்கல் என்று சொல்ல மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று ஜூன் படத்தையும் செப்டம்பர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

தலைமையாசிரியர் கேட்பது சுவர் நிறைய வேண்டும் என்பதுதான். வகுப்பறையில் தலைக்கு மேல் கட்டிய கம்பிப் பந்தலில் 28 படத்தையும் சீட்டோடு தொங்கவிட்டால் நிறைந்துவிடும். சிறந்த ஐந்தைப் பொறுக்க வேண்டாம். மறுவாரமே எல்லாரும் அந்த ஐந்தைப் பார்த்து வரைவார்கள், உங்கள் மாம்பழம் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிடும். தன் படத்தை மாட்ட விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வரைவதை மட்டும் குற்றமாக்காதீர்கள். சம வயதுக் கையைப் பார்த்துக் கற்பது பெரியவர் கோட்டைப் பின்பற்றுவது போல் ஆளை முடக்காது, இரண்டு படமும் சீக்கிரமே வேறாகிவிடும்.

லாரிப் பையனைத் தடுக்க வேண்டாம். ஆறு வாரத்து லாரிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். சக்கரம் இரண்டிலிருந்து ஆறாகியிருக்கலாம், கேபினுக்குள் ஆள் வந்திருக்கலாம். ஒன்றும் மாறாமல் இருந்தால் ஒரு நீளப் பட்டைத் தாளை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு நகருங்கள். பட்டையின் மீதி இடத்துக்கு அவனாகவே சுமையோ சாலையோ சோதனைச் சாவடியோ கொண்டுவருவான். களிமண் வாரத்தில், பின்னால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

தாளைத் தொடாத பையனுக்கு எதுவும் செய்யாமல் இருக்கவும் இடம் வேண்டும். ‘பார்க்கிறேன்’ என்று ஐந்தாவதாக ஒரு இடத்தைப் பலகையில் சேருங்கள், அவனும் கிளிப்பை மாட்டட்டும். அப்போது அவனும் தேர்ந்தவன் ஆகிறான். அகல்களில் வண்ணம் ஊற்றுவது, களிமண்ணை உருண்டை பிடித்துப் பங்கு வைப்பது போன்ற வேலைகளை அவனிடம் கொடுங்கள். உருண்டை பிடிக்கிற கை சும்மா இருக்காது. ஒரு நாள் பங்கில் ஒரு உருண்டை குறையும், அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என்ன செய்தாய் என்று கேட்க வேண்டாம். மணி அடித்ததும் கை கழுவத் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடுங்கள்.